செவிச்சாட்சி

தலைவி எங்கே இருக்கிறார் என்பது முகத்துறை ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கோர் இடமாகத் தெரிந்திருந்ததுதான் தொல்லை.

பண்டாரம் அண்ணாச்சியின் டீக்கடையில் நின்று கேட்டால் அவர் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தார். நாலு எட்டு நகர்ந்து செல்லக்கனியின் மீன்பலகைக்கு வந்தால், தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளி மாதிரி முக்காடு போட்டுப் படுத்திருந்தார். ஐஸ் ஆலை வாசலில் அவர் எல்லை தாண்டி ஓடிப்போயிருந்தார். கலகக்காரர்களின் வானொலியில் மட்டும் செத்துப்போயிருந்தார்.

திட்டுநாட்டில் கலகம் வெடித்து அன்றோடு நாலாம் நாள். கடல் ஏறி வந்து பழைய கரையை விழுங்கிய பிறகு, எஞ்சிய மேடுகளைச் சேர்த்துக் கட்டிய நாடு அது. படைத்தளபதி பாதிப் படையை இழுத்துக்கொண்டு தலைநகரத்தைப் பிடித்துவிட்டான். தலைவி பூரணவல்லி பன்னிரண்டு மெய்க்காவலர்களோடு மறைந்துவிட்டார். எங்கே என்று தெரியாது. நாள்தோறும் சாயங்காலம் நாலு மணிக்குக் கடலுக்கடியில் ஓடும் கம்பி வழியாக அவர் குரல் மட்டும் வரும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பேச்சி. வயது இருபத்தாறு. முகத்துறை வானொலியில் ஒலிப்பதிவு செய்யும் ஆவுடையம்மாளின் ஒரே மகள். மெய்க்காவலர்களின் போன்களை எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆகவே மகள் இருக்கிறாளா இல்லையா என்று அறிய ஆவுடைக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று: தலைவி இருந்தால் பேச்சி இருப்பாள். தலைவி மேல் பாய்கிற குண்டு முதலில் பேச்சியைத் துளைத்துவிட்டுத்தான் போகும். அதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்.

"யக்கா, நீயே சொல்லு. கப்பலா, ஆஸ்பத்திரியா?" செல்லக்கனி மீன் வெட்டும் கத்தியைக் காட்டிக் கேட்டாள்.

"எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியாதாம்! நாட்டுக்கே காது இவதான். இவளுக்குத் தெரியாதாம்!"

பண்டாரம் ஆற்றிய டீயை நீட்டினார். "அவுக பேசுதாவளா, வேற எவனும் குரல் உறை மாட்டிக்கிட்டுப் பேசுதானான்னே தெரியல. இதுல எடத்தத் தேடி என்ன செய்ய?"

"உறையா? அதுக்குத்தான அண்ணாச்சி எங்கக்கா உக்காந்திருக்கா. நம்ம வீட்டுப் பொண்ணு குரல் இவளுக்குத் தெரியாமப் போயிருமோ?"

'உங்க வீட்டுப் பொண்ணு' என்று சுவரொட்டி அடித்துத்தான் பூரணவல்லி முதல் தேர்தலில் நின்றார். இருபத்திரண்டு வருஷம் ஓடி, தலை நரைத்து, கண்ணாடியும் போட்டாயிற்று. முகத்துறைக்கு அவர் இன்னும் 'நம்ம வீட்டுப் பொண்ணு'தான்.

ஆவுடை டீயைப் பாதியில் வைத்துவிட்டு வானொலி நிலையத்துக்கு நடந்தாள். ஒலிப்பதிவுக்கூடம் மாடியில். படியேறும்போது ஆறாவது படியிலிருந்து எட்டாவது படிக்குக் கால் தானாகத் தாவியது. ஏழாவது படி ஒரு காலத்தில் உடைந்து கிடந்தது. சிமெண்டு பூசிப் பத்து வருஷம் ஆகியும் கால் அதை நம்பவில்லை. பேச்சி எண்ணக் கற்றுக்கொண்டதே இந்தப் படிகளில்தான். "ஏழுல மிதிக்காதட்டி" என்று இவள் சொல்லிச் சொல்லி, பிள்ளை ஏழையே விட்டுவிட்டாள். "ஆறு, எட்டு, ஒம்பது." பள்ளிக்கூடத்தில் டீச்சர் குட்டியும் திருந்தவில்லை. அவசரமாக எண்ணினால் இன்றைக்கும் ஏழு விழுங்கித்தான் போகும்.

குரல் உறை என்ற கருவி வந்து எட்டு வருஷம் இருக்கும். தொண்டையில் அறுவை செய்து குரல் போனவர்களுக்காகச் செய்தது. வாயில் மாட்டிக்கொண்டு பேசினால், யார் குரல் வேண்டுமோ அந்தக் குரலில் வெளியே வரும். ஆறே மாதத்தில் அது கெட்டவர்கள் கைக்குப் போனது. கடலுக்குப் போன புருஷன் குரலில் யாரோ கூப்பிடக் கதவைத் திறந்த பெண்கள் உண்டு. அம்மாவின் குரலை நம்பிப் பள்ளிக்கூட வாசலிலிருந்து கிளம்பிப்போன பிள்ளைகளும் உண்டு. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. தலைவியின் பேச்சு எந்த நிலையத்தில் ஒலித்தாலும், அவரோடு நெடுங்காலம் பழகிய காது ஒன்று முதலில் கேட்டு, "அவர்தான்" என்று சத்தியம் சொல்ல வேண்டும். அந்தக் காதுக்குச் செவிச்சாட்சி என்று பெயர். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்பதைச் சாட்சி யாரிடமும் சொல்லக் கூடாது. பெற்ற மகளிடம்கூட.

ஆவுடையிடம் இருந்த அடையாளம் ஒரு சொல்.

பூரணவல்லியின் தகப்பனார் களத்துமேட்டில் நெல் அளந்தவர். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி, 'ரெண்டு, மூணு' என்று போவார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் பேச்சுக்காக இந்த அறைக்கு வந்த பூரணவல்லியிடம், மைக்கைச் சரிபார்க்க எண்ணச் சொன்னாள் ஆவுடை. "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." என்று கணீரென்று எண்ணிவிட்டு, "போதுமா ஆவுடை?" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒலிமானியின் முள் மறுகோடிக்குப் போய் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே 'லாபம்', அதே 'போதுமா ஆவுடை'. இதெல்லாம் பேச்சுக்கு முந்திய சங்கதி. ஒலிபரப்பில் போகாது. எந்தப் பதிவிலும் இருக்காது.

முதல் மூன்று நாளும் 'லாபம்' வந்தது. மூன்று நாளும் ஆவுடை உறங்கினாள்.

நாலாம் நாள் கம்பி உயிர்த்ததும் ஆவுடை பொத்தானை அழுத்தினாள். "வணக்கம்மா. கொஞ்சம் எண்ணுங்க."

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. போதுமா?"

அதே கனம், 'ரெண்டு'வில் அதே லேசான கரகரப்பு. பூரணவல்லியின் குரலேதான். ஆனால் 'ஒன்னு'. 'போதுமா'வுக்குப் பின்னால் 'ஆவுடை'யையும் காணோம்.

அவள் செவிபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தலைவி இல்லை. அப்படியென்றால் அவருக்கு முன்னால் நின்றவள்?

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சாட்சி இல்லாமலே பேச்சு ஊருக்குள் போயிற்று.

பேச்சு முடிந்ததும் நிலைய அதிகாரி தாவீது வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்னக்கா, தலைல கல்லத் தூக்கிப் போட்டுட்டீய?"

"அது அவுக இல்ல சார்."

"எத வச்சுச் சொல்லுதீய?"

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"களைச்சுப்போய் ஏதாவது மாத்திச் சொல்லியிருப்பாவ. மனுஷிதான?"

"இருக்கலாம். ஆனா சத்தியம் பண்ண முடியாது."

தாவீது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உறைன்னே வச்சுக்குவோம். அது தானாப் பேசாது. உள்ள ஒரு ஆள் இருந்தாத்தான் பேசும். அந்த ஆள் நம்ம ஆளா, தளபதி ஆளான்னு பாக்க வேண்டாமா? இன்னைக்கு என்ன சொன்னாவ? கிட்டங்கியத் திறந்து சனங்களுக்கு அரிசி குடுங்கன்னாவ. நகரத்துமேல குண்டு போடாதீயன்னாவ. தளபதி ஆளா இப்படிப் பேசுவான்?"

"நல்லதச் சொன்னா யாரு வேணாலும் நாட்ட ஆளலாமா சார்?"

 ஆவுடைக்கே அந்தக் கேள்வியில் அத்தனை அக்கறை இல்லை என்பதுதான் உண்மை. உறைக்குள் யார் என்பதல்ல, அந்த அறையின் மூலையில் யாராவது ரத்தம் வழியக் கிடக்கிறார்களா என்பதே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்கப் புரண்டு, விடிந்ததும் எழுந்து, இருந்த ஒரே பாத்திரத்தை மூன்று தரம் விளக்கினாள்.

ஐந்தாம் நாள் ஊர் கொதித்தது. செவிச்சாட்சி வாய் திறக்கவில்லை என்ற செய்தி நாட்டின் ஏழு திட்டுகளுக்கும் பரவிவிட்டது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா, கப்பல் முங்கிட்டுன்னு!" என்றார் பண்டாரம்.

"நீரு கப்பல்ல இருக்காவன்னுதான் சொன்னீரு. முங்கிட்டுன்னு எப்பச் சொன்னீரு?" செல்லக்கனி சீறினாள். "யக்கா! அவர விடு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. இருக்காவளா இல்லையா?"

ஆவுடை நிற்கவில்லை. கூட்டம் நிலைய வாசல்வரை அவள் பின்னாலேயே வந்தது. ஒருவன் கத்தினான்: "அவ மக அங்க இருக்கால்லா! மகளுக்கு ஏதோ ஆயிட்டு, அதான் வாய மூடிட்டா!" கூட்டத்தில் யாரோ அவனை அதட்டி அடக்கினார்கள். ஆனால் அந்தச் சொல் அவளோடு படியேறி வந்துவிட்டது.

மாடியில் கேப்டன் மைதீன் காத்திருந்தார். துறைமுகக் காவற்படை முந்நூறு பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். சிறுவயதிலிருந்து பேச்சியைத் தெரிந்தவர். மெய்க்காவல் படைக்கு அவளைப் பரிந்துரைத்ததும் அவர்தான்.

"கோபமா வரலக்கா," என்றார். "சட்டத்தச் சொல்லத்தான் வந்தேன். அவுக உசுரோட இருந்தா நாங்க அவுக படை. இல்லாட்டி தளபதி சொல்லுதத்தான் கேக்கணும். அஞ்சு மணிக்கு அவன் கப்பல் துறைமுகத்துக்கு வருது. சுடவா, வழிவிடவான்னு எனக்கு நாலு மணிக்குத் தெரியணும். நீங்க 'அவர்தான்'னா சுடுவேன். பேசாம இருந்தீயன்னா வழிவிட்டுருவேன்."

"வழிவிட்டா?"

"கம்பி எங்கேருந்து வருதுன்னு அவன் இங்கருந்தே பிடிச்சிருவான். ஒரு மணி நேரம் போதும். அப்புறம் அங்க இருக்கிற எல்லாரும்..."  இன்னொரு செவிபேசியை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம். கம்பி உயிர்த்தது.

ஆவுடை பொத்தானில் விரலை வைத்தாள். 'லாபம்' என்ற அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். "வணக்கம்மா. இன்னைக்குப் பத்து வரைக்கும் எண்ணுங்க. நிதானமால்லாம் வேண்டாம். சடசடன்னு."

எதிர்முனையில் ஒரு மூச்சு.

"ஒன்னு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு எட்டு ஒம்பது பத்து. போதுமா?"

மைதீன் மெல்லச் சிரித்தார். "ஏழ முழுங்கிட்டாவ. அஞ்சு நாள் உறங்காம இருந்தா நானும் முழுங்குவேன்."

ஆவுடை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பூரணவல்லியின் குரல்தான். அதற்குள்ளே, ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுகிறது ஒரு சின்னக் கால். 'போதுமா' என்று கேட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் நிறுத்துகிறது. எப்படிச் சொல்வாள்? பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்தப் பிள்ளைக்கு நாக்கு வரும்?

தெரியாமல் ஏழை விட்டாளோ, தெரிந்தே விட்டாளோ. ஆவுடை மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"சாப்பிட்டீயளாம்மா?"

தலைவியையும் 'அம்மா' என்பார்கள், மகளையும் 'அம்மா' என்பார்கள். இந்த மொழியில் அது ஒரு வசதி.

"சாப்பிட்டாச்சு. தண்ணிதான் ஒரே உப்பு."

"கொதிக்க வச்சுக் குடிங்க."

"சரி, சரி."

அந்த இரட்டைச் 'சரி' போதும். பத்து வயதிலிருந்து எந்தப் புத்திமதிக்கும் கிடைத்துவந்த, அலுத்துக்கொள்ளும் 'சரி, சரி'. ஆவுடை உதட்டைக் கடித்தாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கேட்கவும் பயமாக இருந்தது.

"கூட இருக்கிறவங்க எல்லாரும் சௌக்கியமாம்மா?"

கம்பியில் கடல் இரைந்தது.

"ஒருத்தரு இல்ல," என்றது பூரணவல்லியின் குரல். "முந்தாநாள் ராத்திரி. நெஞ்சுவலி. நாங்க எல்லாரும் சுத்தி இருந்தும் ஒன்னும் செய்ய முடியல. பேச வேண்டியத எல்லாம் எழுதி வச்சுட்டுத்தான் போனாவ."

மைதீன் தொப்பியைக் கழற்றினார். பிறகு சட்டென்று ஏதோ தோன்றி, ஆவுடையை நிமிர்ந்து பார்த்தார்.  "யக்கா... நம்ம பேச்சியா?"

"இல்ல," என்றாள் ஆவுடை. "அவ இல்ல."

"எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியும்."

சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மகள் இருக்கிறாள் என்ற சேதியும் தலைவி போய்விட்டார் என்ற சேதியும் ஒரே குரலில், ஒரே மூச்சில் வந்திருந்தன. எது வந்தாலும் கண்ணில் வருவது தண்ணீர்தான். ஆனால் இப்போது அது வரக் கூடாது.

தாவீது கண்ணாடிக்கு அப்பால் கையைத் தூக்கினார். சாட்சி சொல்லும் நேரம்.

எழுதிய வாசகம் மேசைமேல் கிடந்தது: 'நான் கேட்டேன். பேசுபவர் பூரணவல்லியே. இது சத்தியம்.' அதைப் படித்தால் பொய். படிக்காவிட்டால் ஐந்து மணிக்குக் கப்பல் உள்ளே வரும். அந்தக் கடல் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று ஆறு மணிக்குத் தளபதிக்குத் தெரிந்துவிடும். இந்த ஏழெட்டு வருஷத்தில் அவள் சத்தியம் ஒருமுறையும் பொய்த்ததில்லை. அதனால்தான் அதற்கு முந்நூறு துப்பாக்கிகளின் எடை வந்திருந்தது. அந்த எடையை இப்போது எந்தத் தட்டில் வைப்பது?

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆவுடை காகிதத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேட்டேன். பேசுறது எங்க வீட்டுப் பொண்ணுதான். இது சத்தியம். முகத்துறை செவிச்சாட்சி ஆவுடையம்மாள்."

 வெளியே கூட்டத்தின் ஆரவாரம் கண்ணாடியை அதிரவைத்தது. செல்லக்கனியின் கீச்சுக்குரல் அதற்கும் மேலே கேட்டது: "சொன்னேம்லா! நம்ம வீட்டுப் பொண்ணுதான்!" மைதீன் தொப்பியை அணிந்து, ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினார்.

பேச்சு தொடங்கியது. கிட்டங்கி, அரிசி, காயம்பட்டவர்கள், கப்பல். கடைசியில், எந்தத் தலைவியும் எந்தப் பேச்சிலும் சொல்லாத ஒன்றையும் சொன்னது அந்தக் குரல்: "எல்லாரும் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க."

தாவீது உள்ளே வந்தார்.  "யக்கா, 'நம்ம வீட்டுப் பொண்ணு'ன்னுதான எல்லாரும் சொல்லுவோம். நீங்க 'எங்க'ன்னு சொல்லிட்டீய."

"வாய் தவறிட்டு சார்."

அவர் அவளையே பார்த்தார்.  "நாளைக்கும் நாலு மணிக்குத்தான்," என்று மட்டும் சொன்னார்.

"நாளைக்கும் வாய் தவறும்."

அவள் கீழே இறங்கினாள். எட்டாவது படிக்கு வந்ததும் கால் வழக்கம்போலத் தாவப் பார்த்தது. அவள் அதை நிறுத்தினாள். ஏழாவது படியில் மெதுவாகக் காலை வைத்தாள். அது தாங்கியது. அப்படியே அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது.

செல்லக்கனி மீன் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்தாள். "என்னக்கா இது? நல்ல சேதி சொல்லிட்டு இங்க வந்து அழுத?"

ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அங்க ஒருத்தரு போயிட்டாவளாம்டி. நெஞ்சுவலியாம்."

"யாரு? உன் மகளா?"

"இல்ல. அவ நல்லா இருக்கா. வேற ஒருத்தர். பேர் வெளிய சொல்லக் கூடாது."

செல்லக்கனி உச்சுக்கொட்டி, அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். "பேருகூடச் சொல்லாம யாரு அழுவா? எந்த வீட்டுப் பொண்ணோ, பாவம்."

தூரத்தில் துறைமுகத்துப் பீரங்கி முதல் தடவை முழங்கியது. ஆவுடை அந்தத் திசையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் பொண்ணுட்டி," என்றாள்.

"ஆமாமா, எல்லாரும் நம்ம வீட்டுப் பிள்ளையதான்," என்று செல்லக்கனி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, யாரென்று தெரியாமலே அழத் தொடங்கினாள்.